லேபில் ஓடும் சி புரோகிராம் வீட்டு லேப்டாப்பில் 'மல்டிபிள் டெஃபினிஷன்' என்று நிற்கிறது, உதவுங்கள்

காவேரிப்பட்டணம்_மண்டி:
வணக்கம். மாங்காய் மண்டியில் லோடு வாரியாக எடை போட்டு பில் அடிக்கும் சின்ன புரோகிராம், மினி புராஜெக்டுக்காக. மெயின்.சி, எடை.சி, பில்.சி என்று மூன்று ஃபைல். மூன்றும் மண்டி.ஹெச்சை இன்க்ளூட் செய்கின்றன. அந்த ஹெட்டரில் (மூன்றுக்கும் பொதுவான அறிவிப்பு ஃபைல்) 'இன்ட் டோட்டல்;' என்று ஒரு குளோபல், அதாவது எல்லா ஃபங்ஷனுக்கும் பொதுவான மாறி, இருக்கிறது.

கிருஷ்ணகிரியில் காலேஜ் லேபில் உபுண்டு 18.04. அங்கே ஒரு வார்னிங்கூட இல்லாமல் ஓடுகிறது. வீட்டில் 22.04. இங்கே 'மல்டிபிள் டெஃபினிஷன் ஆஃப் டோட்டல்' என்று வந்து, கடைசியில் 'கலெக்ட்2: எரர்: எல்டி ரிட்டர்ன்டு 1 எக்ஸிட் ஸ்டேட்டஸ்' என்று நின்றுவிடுகிறது. எந்த வரியில் தப்பு என்றே சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ரிவ்யூ.

பாலக்கோட்டான்:
ஹெட்டரில் இஃப்என்டெஃப் கார்டு போட்டாயா தம்பி? அது இல்லாவிட்டால் இப்படித்தான் வரும்.

காவேரிப்பட்டணம்_மண்டி:
முதல் வரியிலேயே இருக்கிறது அண்ணா.

அரூர்_கோடர்:
'ஸ்டாடிக் இன்ட் டோட்டல்;' என்று மாற்றிப் பார். எரர் போய்விடும்.

காவேரிப்பட்டணம்_மண்டி:
எரர் போய்விட்டது. ஆனால் பில்லில் மொத்தம் 0 கிலோ என்று வருகிறது! எடை.சிக்குள் பிரிண்ட் செய்தால் 1840 சரியாக வருகிறது.

ஓசூர்_ஃபர்ம்வேர்:
ஸ்டாடிக்கை உடனே எடுத்துவிடு தம்பி. ஸ்டாடிக் போட்டால் மூன்று ஃபைலுக்கும் ஆளுக்கொரு டோட்டல் வந்துவிடும். எடை.சி தன்னுடையதில் கூட்டுகிறது, பில்.சி தன்னுடைய காலி டோட்டலை அச்சடிக்கிறது. எரரே தேவலை. இது சத்தமில்லாமல் தப்புக் கணக்குக் காட்டும்.

ஹெட்டர் கார்டும் இதற்கு உதவாது. ஒரே சி ஃபைலுக்குள் ஹெட்டர் இரண்டு முறை நுழைவதைத்தான் அது தடுக்கும். கம்பைலர் ஒரு நேரத்தில் ஒரு சி ஃபைலைத்தான் பார்க்கிறது. மெயின்.சியை முடித்து மெயின்.ஓ என்ற மெஷின் கோடு ஃபைலை எழுதிவிட்டு, எடை.சிக்குப் போகும்போது பழையது எதுவும் அதற்கு நினைவில் இருக்காது. அதனால் மூன்று ஓ ஃபைலிலும் ஒரு டோட்டல் உட்கார்ந்துவிடும்.

உன் எரரைச் சொன்னது கம்பைலர் இல்லை, ஓ ஃபைல்களை ஒரே புரோகிராமாக இணைக்கும் எல்டி என்ற லிங்கர். அதற்கு சி மொழி தெரியாது. பெயர்களும் முகவரிகளும்தான் தெரியும். மெயின்.ஓவை 'ஆப்ஜ்டம்ப் -டிஆர்' (ஓ ஃபைலுக்குள் இருப்பதைக் காட்டும் கமாண்ட்) கொடுத்துப் பார். எடை ஃபங்ஷனைக் கூப்பிடும் இடத்தில் 'இ8 00 00 00 00' என்று இருக்கும். இ8 என்பது கால் இன்ஸ்ட்ரக்ஷன். எங்கே போக வேண்டும் என்பது கம்பைலருக்குத் தெரியாததால் சைபர் போட்டு வைத்திருக்கிறது. கீழேயே ஒரு ரீலொகேஷன் குறிப்பு இருக்கும்: இந்த நான்கு பைட்டையும் பிறகு நிரப்பு என்று. லிங்கர் எல்லா ஓ ஃபைலின் டெக்ஸ்ட் (அதாவது கோடு) பகுதிகளையும் வரிசையாக அடுக்குகிறது, டேட்டா பகுதிகளையும் அப்படியே. யார் எந்த முகவரியில் என்று முடிவானதும் அந்தச் சைபர்களை நிரப்புகிறது. ஒரு பெயருக்கு இரண்டு முகவரி கிடைத்தால் எதை நிரப்பும்? அதுதான் உன் எரர்.

லேபில் ஏன் ஓடியது? 18.04இல் ஜிசிசி 7. ஆரம்ப மதிப்பு இல்லாத குளோபலை அது 'காமன்' என்று குறித்து வைக்கும். ஒரே பெயரில் பல காமன் இருந்தால் லிங்கர் ஒன்றாக்கிவிடும். 2020இல் வந்த ஜிசிசி 10 முதல் '-எஃப்நோ-காமன்', அதாவது காமன் என்று குறிக்காதே என்பது, தானாகவே இருக்கிறது. உன் 22.04இல் ஜிசிசி 11. ஓ ஃபைலில் உள்ள பெயர்களைப் பட்டியலிடும் 'என்எம் எடை.ஓ' கமாண்டை லேபில் கொடுத்தால் டோட்டலுக்கு எதிரே 'சி' (காமன்) இருக்கும், வீட்டில் 'பி' (தனி இடம் ஒதுக்கியாயிற்று).

செய்ய வேண்டியது: ஹெட்டரில் 'எக்ஸ்டெர்ன் இன்ட் டோட்டல்;', அதாவது டோட்டல் வேறெங்கோ இருக்கிறது என்ற அறிவிப்பு மட்டும். எடை.சியில் மட்டும் 'இன்ட் டோட்டல் = 0;'. எடை.சியும் ஹெட்டரை இன்க்ளூட் செய்யட்டும். டைப் மாறியிருந்தால் கம்பைலர் அங்கேயே பிடித்துவிடும்.

பாலக்கோட்டான்:
'-எஃப்காமன்' போட்டால் பழையபடி ஓடிவிடாதா சார்? வெள்ளிக்கிழமைதானே கேட்கிறார்கள்.

ஓசூர்_ஃபர்ம்வேர்:
ஓடும். பழைய கோடு மலைபோல் இருந்தால் நானும் போடுவேன். ஆனால் ஒரு ஃபைலில் இன்ட், இன்னொன்றில் டபுள் என்று அதே பெயர் இருந்தால், பெரிய அளவை எடுத்துக்கொண்டு இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துவிடும். ஒருவர் எழுதியதை மற்றவர் அழிப்பார். மூன்று ஃபைலுக்கு இது எதற்கு?

காவேரிப்பட்டணம்_மண்டி:
எக்ஸ்டெர்ன் வேலை செய்துவிட்டது அண்ணா, 1840 வந்துவிட்டது, ரொம்ப நன்றி. அப்புறம் பில் தொகையை முழு ரூபாயாக்க 'ரவுண்ட்' சேர்த்தேன். இப்போது 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு ரவுண்ட்'. மேத்.ஹெச் இன்க்ளூட் செய்திருக்கிறேன், மேத் லைப்ரரியைச் சேர்க்கும் '-எல்எம்' கூடப் போட்டிருக்கிறேன்.

பாலக்கோட்டான்:
முழு கமாண்டையும் போடு.

காவேரிப்பட்டணம்_மண்டி:
ஜிசிசி -எல்எம் மெயின்.ஓ எடை.ஓ பில்.ஓ -ஓ மண்டி

ஓசூர்_ஃபர்ம்வேர்:
'-எல்எம்'ஐக் கடைசிக்குத் தள்ளு. லிங்கர் இடமிருந்து வலமாகப் படிக்கிறது. லைப்ரரியைப் பார்க்கும்போது ரவுண்டை யாரும் கேட்டிருக்கவில்லை, அதனால் உபுண்டுவில் அதை வேண்டாம் என்று விட்டுவிடும். பில்.ஓ வந்து கேட்கும்போது ஆள் இல்லை. மேத்.ஹெச்சில் ஃபங்ஷனின் அறிவிப்பு மட்டும்தான் இருக்கிறது, கோடு லைப்ரரியில்.

காவேரிப்பட்டணம்_மண்டி:
சரியாகிவிட்டது! பில் வருகிறது. இந்தக் கமாண்டுகளை ஒரு மேக்ஃபைலில் எழுதி வைத்திருக்கிறேன், லேபிலும் அதே மேக்ஃபைல் ஓடுமா?

ஓசூர்_ஃபர்ம்வேர்:
ஓடும். வீட்டிலிருந்து ஓ ஃபைல்களைப் பென்டிரைவில் கொண்டுபோகாதே, சி ஃபைலை மட்டும் கொண்டுபோய் அங்கேயே பழைய ஓ ஃபைல்களை அழிக்க 'மேக் கிளீன்', பிறகு புதிதாகக் கம்பைல் செய்ய 'மேக்'.