தெரிஞ்ச சொல்லுத்தான் காலை வாரும்

புதுசா வெளிநாடு போற பிள்ளைகளுக்கு. நான் லண்டனில் 9 வருசம், ரொறன்ரோவில் 11 வருசம். இப்ப லீவில் திருகோணமலை வீட்டில் நிக்கிறன்.

போன கிழமை மருமகன் கனடாவுக்கு அனுப்பப்போற சி.வி.யைக் கொண்டுவந்து காட்டினான். முதல் வரி: 'பாஸ்ட் அவுட் ஃப்ரொம் ஹிந்து கொலிஜ், 2019'. எங்கட ஊரில் இதைவிடத் தெளிவாக எழுத ஏலாது. கோணேஸ்வரா இந்துக் கல்லூரியில் ஏ.எல். முடிச்ச பொடியன். ஆனால் ரொறன்ரோவில் அதை வாசிக்கிற ஆளுக்கு 'பாஸ்ட் அவுட்' எண்டால் மயங்கி விழுந்தது. 'கொலிஜ்' எண்டால் பள்ளிக்கூடம் முடிச்ச பிறகு டிப்ளோமா படிக்கப் போற இடம், செனெக்கா, சென்டெனியல் மாதிரி. ஆக, இவன் ஏதோ சமய டிப்ளோமா படிக்கப் போய் நடுவில் மயங்கி விழுந்தவன்.

"மாமா, பள்ளிக்கூடத்தின்ர பேரே கொலிஜ்தானே, அதை எப்படி மாத்திறது?" எண்டான். நியாயமான கேள்வி. பேரை மாத்தவேண்டாம், சேர்ட்டிபிக்கேற்றில் உள்ளபடியே இருக்கட்டும். பக்கத்தில் 'செக்கண்டரி ஸ்கூல்' எண்டு போடு, 'பாஸ்ட் அவுட்'டை வெட்டிப்போட்டு 'கம்ப்ளீட்டட்' எண்டு எழுது. கீழே ஓ.எல். பிள்ளைகளுக்கு 'டியூசன்' குடுத்ததாக ஒரு வரி. அங்கே டியூசன் எண்டால் கம்பஸுக்குக் கட்டுற காசு. பிள்ளைகளின்ர பீஸை இவன் கட்டினவன் எண்டு நினைச்சால் நல்ல பேர்தான், வேலை கிடைக்காது. 'டியூட்டரிங்' எண்டு மாத்தினம்.

தெரியாத சொல் வந்தால் போனில் தட்டிப் பார்ப்பம், ஆரையும் கேட்பம். தெரியும் எண்டு நினைக்கிற சொல்லை ஒருத்தரும் தேடிப் பார்க்கிறேல்லை. இடறி விழுறது அதிலதான்.

நான் விழுந்த இடம் வைத்தியம். லண்டன் போய் ரெண்டாவது மாசம், 'வியாழக்கிழமை 9.40க்கு சேர்ஜரிக்கு வரவும்' எண்டு கடிதம். முதுகு நோவுக்குத்தான் டொக்டரைக் கேட்டிருந்தன். நேரே ஒப்பரேசனா? இரவிரவாக நித்திரை இல்லை. அம்மாவுக்குச் சொன்னன், அது அதைவிடப் பெரிய பிழை. அவ விடிய எழும்பிப் பத்திரகாளி அம்மன் கோயிலில் என்ர பேருக்கு அர்ச்சனை செய்துபோட்டா. நானும் ஒண்டும் சாப்பிடாமல் போனன், மயக்க மருந்து குடுப்பினம் எண்டு. டொக்டர் முதுகைத் தட்டிப் பார்த்து, "நல்லா நடவுங்கோ" எண்டு அனுப்பிவிட்டார். பிரித்தானியாவில் குடும்ப டொக்டர் இருந்து நோயாளியைப் பார்க்கிற இடத்துக்கே பேர் சேர்ஜரி. எம்.பி. தொகுதி மக்களைச் சந்திக்கிறதுக்கும் அதே சொல்தான், அங்கேயும் ஒருத்தரையும் வெட்டுறேல்லை.

கனடாவில் இதுக்கு மறுபக்கம். எங்கட ஊரில் காய்ச்சல், தடிமன் எண்டால் பின்னேரம் டிஸ்பென்சரிக்குப் போவம். அங்கே டிஸ்பென்சரி எண்டால் கஞ்சாக் கடை. 2018 ஒக்டோபர் 17இல் இருந்து சட்டப்படியே விக்கினம். எங்கட அப்பார்ட்மென்டுக்கு மகளிட்ட வந்து நிண்ட ஐயா ஒருத்தர், இருமல் கடுமை, டிஸ்பென்சரி எங்கே எண்டு பஸ் ஸ்டொப்பில் ஒரு பொடியனைக் கேட்டிருக்கிறார். அவனும் மரியாதையாகக் கூட்டிக்கொண்டு போய்க் கடை வாசலில் விட்டிருக்கிறான். 'வோக்-இன் கிளினிக்' எண்டு கேளுங்கோ. மருந்து வாங்க 'ஃபார்மசி', லண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் 'கெமிஸ்ட்'.

ஒன்ராறியோவில் வீடு தேடுறவைக்கு: 'ஹைட்ரோ தனி' எண்டால் தண்ணிக் காசு இல்லை, கரண்ட் பில். நயாகராவில் விழுற தண்ணியில் கரண்ட் எடுக்கத் தொடங்கின காலத்துப் பேர், இப்பவும் அப்பிடியே நிக்குது. 'பச்சிலர்' எண்டால் கலியாணம் கட்டாதவைக்கு மட்டும் எண்டு இல்லை, படுக்கை அறை தனியாக இல்லாத ஒற்றை அறை வீடு. 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' எண்டால் பெரும்பாலும் நிலத்தோட உள்ள தட்டு. முழங்கால் நோவுள்ள அம்மாவுக்கு வீடு பார்க்கேக்க இது வசதி, லண்டனில் அதே சொல்லுக்கு ஒரு மாடி ஏறவேணும்.

சாப்பாடு பெரிய விசயம் இல்லை. 'கேர்ட்' எண்டு கேட்டால் பூட்டீன் எண்ட உருளைக்கிழங்குப் பொரியலில் போடுற சீஸ் கட்டி வரும், சட்டித் தயிரும் கித்துள் பாணியும் வராது. 'டிரம்ஸ்டிக்' எண்டால் கோழிக்கால். ஸ்காபரோத் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் எண்டே கேளுங்கோ, முடிஞ்சுது.

வேலையிடத்தில் ஒண்டு. லண்டன் மேலாளர் என்ர அறிக்கையைப் பார்த்து 'குவைட் குட்' எண்டார். நான் சந்தோசத்தில் எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கிக் குடுத்தன். அமெரிக்கர் சொன்னால் அது மெய்யான பாராட்டு, ஆங்கிலேயர் சொன்னால் 'பரவாயில்லை' எண்டதோட சரி. 'டேபிள்' இன்னும் மோசம். ஆங்கிலேயருக்கு விசயத்தைப் பேச்சுக்கு எடுக்கிறது, அமெரிக்கருக்கு ஒத்திவைக்கிறது. ரெண்டாம் உலகப்போரில், எங்கட துறைமுகத்தில் பிரித்தானியக் கப்பல்கள் நிண்ட அந்தக் காலத்தில், ரெண்டு நாட்டு அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லால் நெடுநேரம் சண்டை பிடிச்சவை எண்டு அப்ப பிரித்தானியப் பிரதமராக இருந்த வின்ஸ்டன் சேர்ச்சில் தானே எழுதி வைச்சிருக்கிறார். பிறகுதான் தெரிஞ்சுதாம், ரெண்டு பகுதிக்கும் வேண்டியது ஒண்டுதான் எண்டு.

இதை வாசிச்சவை எழுதின பதில்கள். மெல்பேர்னில் இருந்து ஒரு அக்கா: தம்பி, இங்கத்தையதையும் சேருங்கோ. மகனின்ர பள்ளிக்கூடத்தில் நீச்சலுக்கு 'தோங்ஸ்' குடுத்து விடச் சொல்லிக் கடிதம். அமெரிக்கப் படம் பார்த்த மூளை, அது உள்ளுடுப்பு எண்டு நினைச்சு எனக்கு முகம் சிவந்துபோச்சு. கடைசியில் பார்த்தால் எங்கட பாட்டாச் செருப்பு!

நிலாவெளியில் இருந்து ஒரு தம்பி: அண்ணா, நான் இன்னும் ஊர்தான். போன மாசம் ரெண்டு வெள்ளைக்காரர் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் ஹோட்டல் இருக்கோ எண்டு கேட்டினம். நான் கொத்துரொட்டிக் கடையைக் காட்டிவிட்டன். கதிரையில் இருந்துகொண்டு ரூம் சாவி கேட்டவையாம்.

ஐயோ தம்பி, நல்லகாலம் சொன்னீர். மருமகன்ர சி.வி.யில் 'ஹோட்டல் அனுபவம், 2 வருசம்' எண்டு ஒரு வரி கிடக்குது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவன்ர பெரியப்பான்ர சோத்துக் கடை அது. இருங்கோ, அனுப்ப முந்தி அவனுக்கு ஒரு கோல் எடுத்துட்டு வாறன்.