துறை உதவித்தொகை நிதிக்குப் பணம் தருவோர் கவனத்துக்கு: தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்து அனுபவங்கள்

வெஸ்ட்வில் அலுவலர்:
பல்கலைக்கழகத்துக்குத் தருவது வேறு, ஒரு துறையின் உதவித்தொகை நிதிக்குத் தருவது வேறு. துறை நிதிக்குத் தனிக் கணக்கெண் இருக்கும். அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு பணம் போடுங்கள். இஎஃப்டி (வங்கிவழி மின்னணுப் பரிமாற்றம்) ரெஃபரன்ஸில் வெறுமனே ‘டொனேஷன்’ என்று போட்டால், யார் போட்டது என்று தெரியாத வரவுகளோடு சேர்ந்து மாதக்கணக்கில் கிடக்கும். கணக்கெண், குடும்பப் பெயர் இரண்டையும் போட்டு, பணம் கட்டிய ரசீதை அன்றைக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். நிர்வாகச் செலவுக்கு ஏதாவது பிடிப்பார்களா என்று கேட்கவும் கூச்சப்பட வேண்டாம்.

அடுத்தது, வைப்பு நிதியா, அந்தந்த ஆண்டே செலவழிக்கும் நிதியா? 200,000 ரேண்டை வைப்பாகப் போட்டு ஆண்டுக்கு 5 விழுக்காடு எடுத்தால் கையில் வருவது 10,000. அதில் ஒரு பிள்ளையின் ஆண்டுக் கட்டணம் தேறாது. அதே பணத்தை ஆண்டுக்கு 40,000 வீதம் ஐந்து ஆண்டு கொடுத்தால் ஒருவராவது பட்டத்தோடு வெளியே வருவார். பாட்டி பேர் நிலைக்க வேண்டும் என்பவர்களுக்கு இது பிடிக்காது, ஆனால் கணக்கு அப்படித்தான்.

மியர்பேங்க் கணக்கர்:
வரி விஷயம். வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவில் தரும் நன்கொடைச் சான்றிதழ் இருந்தால்தான் சார்ஸில் (வருவாய்த் துறையில்) கழிக்கலாம். வரிக்குட்பட்ட வருமானத்தில் 10 விழுக்காடு வரை அந்த ஆண்டே கழியும், மிச்சம் அடுத்த ஆண்டுக்குப் போகும். 31 விழுக்காட்டு அடுக்கில் இருப்பவர் 10,000 ரேண்ட் கொடுத்தால் வரியில் 3,100 குறையும்.

2023 மார்ச் முதல் சான்றிதழில் கொடுத்தவரின் அடையாள எண், முகவரி, தொடர்பு விவரம், வரி எண் இருந்தால் அதுவும் வர வேண்டும். பல்கலைக்கழகம் அந்த விவரத்தை நேரே சார்ஸுக்கும் அனுப்புகிறது. அதனால் மனைவி கணக்கிலிருந்து போன பணத்துக்குக் கணவர் பேரில் சான்றிதழ் கேட்காதீர்கள்.

‘என் தங்கச்சி மகனுக்குக் கொடுங்க’ என்று ஆளைச் சொல்லிக் கொடுப்பதும் ஆகாது. அது சொந்தக்காரருக்குக் கொடுத்த பணம், 18ஏ கிடைக்காது. யாருக்கு என்று தேர்ந்தெடுப்பது துறைக் குழுவின் வேலை.

டோங்காட் அக்கா:
கோயில் சங்கத்தில் புரட்டாசியில் எல்லாரும் போட்டுச் சேர்த்து, ஒரே தொகையாகக் கட்டினால் ஆளுக்கொரு சான்றிதழ் கிடைக்குமா தம்பி?

மியர்பேங்க் கணக்கர்:
கிடைக்காது அக்கா. பணம் சங்கத்தின் கணக்கிலிருந்து போனால் சான்றிதழும் சங்கத்தின் பேரில்தான். கோயில் வரிவிலக்கு பெற்ற அமைப்பாக இருந்தாலும், சமயப் பணிக்கு 18ஏ கிடையாது. அது தனி ஒப்புதல். ஆகவே பெரிய தொகை தருகிறவர்கள் நேரே பல்கலைக்கழகக் கணக்கில் போடட்டும், உண்டியலில் சில்லறை போடுகிறவர்கள் சங்கத்தின் வழியே போடட்டும். இரண்டுக்கும் ஒரே நிதிக் கணக்கெண்ணைக் கொடுத்தால் போதும்.

பீனிக்ஸ் வாசகர்:
பணத்தைவிட நிபந்தனைக் கடிதத்தில்தான் சிக்கல் வரும். ‘பெண் பிள்ளை, வேதிப் பொறியியல், 75 விழுக்காட்டுக்கு மேல், எங்கள் ஊர்’ என்று நாலு கட்டுப்பாடு போட்டால் ஆண்டு பல ஆனாலும் ஆள் கிடைக்காது, பணம் அப்படியே தூங்கும். ஒரே ஒரு கட்டாய நிபந்தனை வையுங்கள். மற்றதை ‘முன்னுரிமை’ என்று எழுதுங்கள். ‘தகுதியானவர் இல்லையென்றால் துறைத்தலைவர் வேறொருவருக்குத் தரலாம்’ என்ற வரியை விட்டுவிடாதீர்கள்.

‘தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும்’ என்று எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. டர்பனில் ஐரோப்பிய வம்சப் பெண்களுக்கென்று உயிலில் எழுதிவைத்த எம்மா ஸ்மித் கல்வி நிதியில் அந்த இன வரம்பை நீக்கக் கேட்டது குவாசூலு-நாட்டால் பல்கலைக்கழகம். 2010-இல் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றமும் நீக்கியது சரி என்றது. இனத்தைச் சொல்லி வேலி போடாதீர்கள். தமிழை ஒரு பாடமாக எடுக்கிறவர், இந்த வட்டாரப் பள்ளியில் படித்து வந்தவர் என்று முன்னுரிமை கேட்பது வேறு. அதையும் பல்கலைக்கழகச் சட்டப் பிரிவிடம் காட்டிவிட்டே கையெழுத்திடுங்கள்.

வெஸ்ட்வில் அலுவலர்:
யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதைப் பற்றியும் சொல்கிறேன். குடும்ப வருமானம் 350,000 ரேண்டுக்குள் இருந்தால் முதல் பட்டத்துக்கு என்எஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் நிதியுதவி உண்டு. உங்கள் நிதியும் அதே பிள்ளையின் கட்டணத்துக்கே போனால் ஒன்றை மற்றொன்று ஈடுகட்டிவிடும், பிள்ளைக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்காது. உண்மையில் பணம் தேவைப்படும் இடங்கள் வேறு. முதல் பட்டத்துக்குப் பிறகு வரும், என்எஸ்ஃபாஸ் கைகொடுக்காத ஆனர்ஸ் ஆண்டு ஒன்று. 350,000 ரேண்டைத் தாண்டிவிட்டதால் அந்த உதவித்தொகை கிடைக்காத ‘மிஸ்ஸிங் மிடில்’ குடும்பங்கள் இன்னொன்று. மூன்றாண்டுப் படிப்புக்கு என்எஸ்ஃபாஸ் நான்கு ஆண்டுதான் தரும். ஐந்தாம் ஆண்டில் ஒரே ஒரு மாட்யூல் (பாடம்) மிச்சம் வைத்து நிற்கிற பிள்ளைக்குச் சின்னத் தொகையே பட்டத்தை வாங்கித் தரும்.

இன்னொரு ஓட்டை: பர்சரி (உதவித்தொகை) பணம் மாணவரின் ஃபீஸ் கணக்கில்தான் வரவாகும், பழைய பாக்கி இருந்தால் முதலில் அதைத் தின்றுவிடும். மடிக்கணினி, களப்பயணம், அச்சுச் செலவு என்று நீங்கள் நினைத்தால் அதைக் கடிதத்தில் பேர் சொல்லி எழுத வேண்டும், இல்லாவிட்டால் கணக்குப் பிரிவு அதைக் கட்டணமாகவே எடுத்துக்கொள்ளும்.

நேரமும் முக்கியம். பதிவு ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் நடக்கிறது. பாக்கியால் பதிவு தடைப்பட்டவருக்கு மார்ச்சில் வரும் பணம் பிந்திய பணம். வரி ஆண்டும் பிப்ரவரியோடு முடிகிறது. ஆகவே புரட்டாசி விரதம் முடிந்த கையோடு கடிதத்தை முடித்து, நவம்பரில் பணத்தைக் கட்டிவிடுங்கள். டிசம்பரில் முடிவுகள் வந்ததும் குழு உட்கார்ந்து தேர்ந்தெடுக்க அவகாசம் இருக்கும்.

டோங்காட் அக்கா:
யாருக்குக் கிடைத்தது, என்ன மார்க் என்று சங்கத்துக்குச் சொல்வார்களா?

வெஸ்ட்வில் அலுவலர்:
பேரும் மார்க்கும் மாணவரின் சம்மதம் இல்லாமல் தர முடியாது அக்கா, தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எத்தனை பேர், எந்த ஆண்டு, எத்தனை பேர் தேறினார்கள், நிதியில் மீதி எவ்வளவு என்று ஆண்டுக்கு ஒரு பக்க அறிக்கை கேளுங்கள். அதையும் நிபந்தனைக் கடிதத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளையைக் கோயில் விழா மேடையில் நிறுத்திப் படம் எடுக்கும் நிபந்தனை மட்டும் வேண்டாம். அப்படி இருந்தால் விண்ணப்பிக்கவே தயங்குகிறார்கள்.