ஆய்வக வேலையிலிருந்து மருத்துவத் தகவல் தொழில்நுட்பத் துறைக்கு வர எங்கே தொடங்க வேண்டும்?

மதுரை_லேப்:

அனைவருக்கும் வணக்கம். நான் பி.எஸ்சி. எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம்) முடித்து, ஆறு ஆண்டுகளாக ஒரு தனியார் மருத்துவமனையின் ஆய்வகத்தில் டெக்னீஷியனாகப் பணியாற்றுகிறேன். சென்ற ஆண்டு எங்கள் ஆய்வகத்துக்குப் புதிய மென்பொருள் வந்தபோது, அதை நிறுவ வந்தவர்களுக்குப் பரிசோதனைகளின் பட்டியலையும், ஒவ்வொன்றின் அலகையும், இயல்பளவையும் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். அந்த மூன்று வாரங்களில் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அன்று முதல் இந்தத் துறைக்கே வந்துவிட வேண்டும் என்ற எண்ணம் விடாமல் இருக்கிறது.

எக்ஸெல் நன்றாக வரும். நிரல் எழுதத் தெரியாது. விசாரித்தவர்கள் எல்லோரும் "சென்னைக்குப் போய் மெடிக்கல் கோடிங் படி" என்கிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றுதானா? வேலையை விடாமல், அதிகச் செலவின்றி, மாலை நேரங்களில் எதைப் படிக்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இன்டர்ஃபேஸ்_கோவை:

வணக்கம் சகோதரி. அனலைசர் எனப்படும் ஆய்வகப் பரிசோதனை இயந்திரங்களையும் மருத்துவமனை மென்பொருளையும் இணைக்கும் வேலையில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். நீங்கள் தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டியவர் அல்லர் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஓரிடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அனலைசர் பிளேட்லெட் எண்ணிக்கையை ஆயிரக் கணக்கில் அனுப்பும். நம் ஊர் ரிப்போர்ட்டில் அது லட்சக் கணக்கில் வர வேண்டும். ஆகவே நூறால் வகுக்க வேண்டும். முதல் சோதனை ஓட்டத்தில் வகுக்க மறந்ததால், 180 என்ற எண் 180 லட்சமாக அச்சானது. யார் கண்ணுக்கும் படும் பிழை என்பதால் உடனே பிடித்தோம். திருத்திய அவசரத்தில் நூறுக்குப் பதில் ஆயிரத்தால் வகுத்துவிட்டார்கள். 1.8 லட்சம் வர வேண்டிய இடத்தில் 0.18 லட்சம், அதாவது 18,000 வந்தது. டெங்கு பரவும் மாதத்தில் அது யாரும் சந்தேகிக்காத எண். அறையில் இருந்த பொறியாளர்கள் ஐந்து பேரில், என்னையும் சேர்த்து, ஒருவருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "பிளேட்லெட் போதுமான அளவு இருக்கிறதே, இந்த எண் எப்படி வந்தது?" என்று கேட்டவர் ஆய்வக டெக்னீஷியன்தான். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கம் மிகக் குறைவு.

முதலில், தரவுத்தளத்திலிருந்து விவரங்களைக் கேட்டு எடுக்கும் மொழியான எஸ்.க்யூ.எல். படியுங்கள். பிறகு, மருத்துவ மென்பொருள்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறப் பயன்படுத்தும் ஹெச்.எல்.7 என்ற தரத்தின் இரண்டாம் பதிப்பில் செய்தி எப்படி அமைகிறது என்று பாருங்கள். செங்குத்துக் கோடுகளால் பிரிக்கப்பட்ட வெறும் வரிகள்தாம் அவை: பி.ஐ.டி. என்று தொடங்கும் வரியில் நோயாளியின் விவரம், ஓ.பி.ஆர். வரியில் கேட்கப்பட்ட பரிசோதனை, ஓ.பி.எக்ஸ். வரியில் முடிவு. ஓ.பி.எக்ஸ். வரியின் ஐந்தாம் கட்டத்தில் அளவும், ஆறாம் கட்டத்தில் அலகும், ஏழாம் கட்டத்தில் இயல்பளவும் இருக்கும். நீங்கள் தினமும் சரிபார்க்கும் ரிப்போர்ட்டேதான் வேறு வடிவத்தில் இருக்கிறது. அடுத்தது லாயின்க். ஹீமோகுளோபினுக்கு 718-7, தானியங்கி முறையில் எண்ணிய பிளேட்லெட்டுக்கு 777-3 என்று ஒவ்வொரு பரிசோதனைக்கும் உலகப் பொதுவான எண் தரும் பட்டியல் அது. பதிவு செய்துகொண்டால் இலவசம். உங்கள் ஆய்வகத்தில் அதிகம் செய்யப்படும் ஐம்பது பரிசோதனைகளுக்கு உரிய எண்ணைக் கண்டுபிடித்து ஓர் எக்ஸெல் தாளில் எழுதுங்கள். நேர்காணலுக்கு வருபவர் அப்படியொரு தாளைக் கொண்டுவந்தால் நான் சான்றிதழைக் கேட்கவே மாட்டேன்.

கோடர்_தாம்பரம்:

மெடிக்கல் கோடிங்கும் நீங்கள் கேட்கும் துறையும் ஒன்றல்ல. மருத்துவரின் குறிப்பைப் படித்து, நோய்க்கு ஐ.சி.டி.-10 எண்ணையும் சிகிச்சைக்கு சி.பி.டி. எண்ணையும் குறிப்பது எங்கள் வேலை. சென்னையில் அது பெரும்பாலும் அமெரிக்கக் காப்பீட்டு பில்களுக்காக நடக்கிறது. மரியாதையான வேலைதான், நான் அதில் மனநிறைவோடு இருக்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், உங்களுக்குப் பிடித்தது அதுவன்று. "படித்தவுடன் வேலை உறுதி" என்று பெருந்தொகை கேட்கும் பயிற்சி மையங்களிடம் மட்டும் கவனமாக இருங்கள்.

வார்டு7:

நானும் செவிலியராக இருந்து, மருத்துவமனை மென்பொருளை நிறுவிப் பயிற்சி தரும் பணிக்கு வந்தவள் என்பதால் இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

2021 செப்டம்பர் 27 அன்று மருத்துவ ஆவணங்களை மின்னணு முறையில் இணைக்கும் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்டது. நோயாளிகள் காட்டும் 14 இலக்க ஆபா என்னும் சுகாதார அடையாள எண் அதன் பகுதிதான். அதில் மருத்துவ ஆவணங்கள் ஃபயர் என்னும் புதிய ஹெச்.எல்.7 தரத்தின் நான்காம் வெளியீட்டில் பரிமாறப்படுகின்றன. ஆகவே பழைய இரண்டாம் பதிப்பு புரிந்ததும் ஃபயரில் ஆய்வக முடிவு எப்படி எழுதப்படுகிறது என்பதையும் பாருங்கள். ஹாப்பி ஃபயர் என்ற இலவச சோதனை சர்வரில் நீங்களே ஒரு முடிவைப் பதிந்து பார்க்கலாம். நோய்ச் சொற்களுக்கான பொது எண் பட்டியலான ஸ்னோமெட் சி.டி.யும் இந்தியாவில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. புனேயிலுள்ள சி-டாக் மையத்தில் பதிவு செய்ய வேண்டும்.

இன்னொன்றை அக்கறையோடு சொல்கிறேன். பழகுவதற்காக உங்கள் ஆய்வகத்தின் உண்மையான ரிப்போர்ட்டுகளைப் பென்டிரைவில் வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். பெயரை அழித்துவிட்டாலும் வேண்டாம். வயது, ஊர், தேதி, அரிதான ஒரு நோய், இவை போதும், ஆளை அடையாளம் காண. சிந்தியா என்ற இலவச மென்பொருள் கற்பனை நோயாளிகளின் விவரங்களை எவ்வளவு வேண்டுமானாலும் உருவாக்கித் தரும், அதில் பழகுங்கள்.

மதுரை_லேப்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பென்டிரைவ் யோசனை எனக்கும் இருந்தது. சொன்னது நல்லதாகப் போயிற்று. நேற்றிரவு பணியில் ரத்த அணுக்களை எண்ணும் எங்கள் செல் கவுன்டரின் கையேட்டைத் தேடி எடுத்தேன். பிளேட்லெட்டுக்கு எதிரே அலகு "பத்தின் அடுக்கு மூன்று" என்று அச்சிடப்பட்டிருக்கிறது. ஆறு ஆண்டுகளில் அந்தப் பக்கத்தை நான் திருப்பியதே இல்லை. லாயின்க் தாளில் இதுவரை பன்னிரண்டு பரிசோதனைகள் முடிந்துள்ளன. சிறுநீரில் சர்க்கரைக்கு மட்டும் பல எண்கள் வருகின்றன. ஸ்டிரிப்பில் பார்ப்பதற்கும் மெஷினில் அளப்பதற்கும் தனித்தனி எண் எடுக்க வேண்டுமா?

இன்டர்ஃபேஸ்_கோவை:

ஆம், தனித்தனியாகத்தான் எடுக்க வேண்டும். ஸ்டிரிப் தருவது பிளஸ் குறி, மெஷின் தருவது அளவு. செய்முறை மாறினால் எண்ணும் மாறும். ஐம்பதும் முடிந்ததும் தாளை இங்கே பகிருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.