கணவரை இழந்த தோழியிடம் அவர் பெயரை எடுக்கலாமா?

கேள்வி:
என் நெருங்கிய தோழியின் கணவர் மூன்று மாதங்களுக்கு முன் மாரடைப்பால் காலமானார். முதல் இரண்டு வாரங்கள் வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். இப்போது போய்வருவது நானும் இன்னும் ஓரிருவரும்தான். கணவருடைய கைப்பேசியை அவள் இன்றும் இரவுதோறும் சார்ஜில் போட்டு வைக்கிறாள். அதைக் கண்டும் காணாததுபோல் நான் வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறேன். சென்ற வாரம் ஏதோ வேடிக்கைக்கு வாய்விட்டுச் சிரித்தவள், அடுத்த நொடியே தவறு செய்துவிட்டவள்போல் முகம் வாடிப்போனாள். துக்கத்துக்கு மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஐந்து நிலைகள் உண்டு எனப் படித்தேன். அவள் எதில் இருக்கிறாள் என்று புரியவில்லை. அழவைத்துவிடுவேனோ என்று அஞ்சி அவர் பெயரையே தவிர்த்து வருகிறேன். இது சரிதானா?

மறுமொழி 1:
அந்த ஐந்து நிலைகளை முதலில் ஒதுக்கி வையுங்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் அவற்றை எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசியதை வைத்துத்தான். உறவை இழந்தவர்களுக்கு அதையே அளவுகோலாக்கியது பின்னால் நடந்தது. துக்கத்தை ஆராய்ந்த உளவியலாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் இருவரும் 1999-இல் தந்த விளக்கம் உங்கள் தோழியின் சிரிப்புக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது: இழப்பில் மூழ்குவதும், அதைச் சற்று மறந்து அன்றாட வேலைகளில் ஈடுபடுவதும் மாறி மாறி வரும், அந்த ஊசலாட்டமே இயல்பானது என்கிறார்கள். சிரித்ததற்காக அவர் வெட்கப்பட வேண்டியதில்லை என்பதை நீங்களாவது சொல்லுங்கள்.

மறுமொழி 2:
நான் கணவரை இழந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பெயரைத் தாராளமாகச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லித்தான் நினைவு வர வேண்டும் என்ற நிலையில் உங்கள் தோழி இல்லை. எல்லோரும் கவனமாகத் தவிர்த்தபோது, அப்படி ஒருவர் வாழவே இல்லையோ என்று எனக்குத் தோன்றியது. அடுத்து, "எதுவானாலும் கூப்பிடு" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள், கூப்பிடுவதற்கும் தெம்பு வேண்டுமே! வங்கி, காப்பீடு என்று போன இடமெல்லாம் இறப்புச் சான்றிதழை நீட்டி, நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. என் தோழி ஒருத்தி செவ்வாய்தோறும் வந்து, காகிதங்களை அடுக்கி, நான் கையெழுத்திட வேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்துத் தந்தாள். ஆறுதலாக அவள் ஏதும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

மறுமொழி 3:
மேலே சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். துக்கம் குறையாமல் நீடித்து வாழ்க்கையையே முடக்கும்போது அதை ஒரு மனநலப் பாதிப்பாகக் கருதுகிறார்கள்; அதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு குறைந்தது 6 மாதங்களையும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2022-ஆம் ஆண்டுக் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதங்களையும் வரம்பாக வைத்திருக்கின்றன. ஆகவே மூன்றாம் மாதத்தில் கைப்பேசிக்குச் சார்ஜ் போடுவதைக் கண்டு கவலைப்பட ஏதுமில்லை. ஆனால் "நானும் போய்விட்டால் தேவலை" என்பதுபோல் பேசினால் மாதக் கணக்குப் பார்க்காதீர்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. நேற்று போயிருந்தபோது, அவர் பெயரைச் சொல்லியே அந்தக் கைப்பேசியைப் பற்றிக் கேட்டேன். வழியில் ஏதாவது வாங்கி வர வேண்டுமா என்று அவர் கேட்டிருந்த பத்து வினாடிக் குரல் பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினாள். இருவரும் அழுதோம். கிளம்பும் நேரத்தில், வியாழக்கிழமை வங்கிக்கு உடன் வர முடியுமா என்று அவளே கேட்டாள்.