பாலத்தின் இரு கரையில் இரண்டு கடிகாரம்: ஒளியின் ஒருவழி வேகத்தை அளக்க முடியுமா, முடியாதா?

ஜெலுகோர்வாசி:
ஒளியின் வேகத்தை இன்றுவரை யாரும் ஒரு வழியில் அளந்ததில்லை, போய்த் திரும்பும் சராசரியைத்தான் அளந்திருக்கிறார்கள் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். 1849ல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிசோ பல்சக்கரத்தைச் சுழலவிட்டு, 8,633 மீட்டர் தள்ளி கண்ணாடி வைத்துத்தான் அளந்தார். சரி, அன்றைக்கு அவரிடம் நல்ல கடிகாரம் இல்லை. இன்றைக்கு அணுக் கடிகாரம் இருக்கிறதே! நம்ம பினாங்கு முதல் பாலத்தின் கடல்மேல் பகுதியும் கிட்டத்தட்ட அதே நீளம், 8.4 கிலோமீட்டர். தீவுப் பக்கம் ஜெலுகோர் கரையில் ஒரு கடிகாரம், கிழக்கே பெருநிலப் பக்கம் பிறை என்ற ஊரின் கரையில் ஒரு கடிகாரம். லேசர் இங்கே கிளம்பும் நேரத்தையும் அங்கே சேரும் நேரத்தையும் குறித்தால் 28 மைக்ரோவினாடி (வினாடியில் பத்து லட்சத்தில் 28 பங்கு) வரும். கண்ணாடியே வேண்டாம். முடியாது என்பவர்கள் காரணத்தைச் சொல்லுங்கள்.

செந்தூல்காரன்:
அண்ணே, பிறைக் கடிகாரமும் ஜெலுகோர் கடிகாரமும் ஒரே நேரம்தான் காட்டுகின்றன என்பதை எப்படிச் சரிபார்ப்பீர்கள்? இங்கிருந்து சமிக்ஞை அனுப்பினால், அது போய்ச்சேர ஆன நேரத்தைக் கூட்ட வேண்டும். அந்த நேரம் தெரிய வேண்டுமானால் ஒருவழி வேகம் தெரிய வேண்டும். தேடுகிற பொருளையே கையில் வைத்துக்கொண்டு தேடுகிற கதை. ஐன்ஸ்டைன் 1905 கட்டுரையில் இதை நேராகவே எதிர்கொண்டார்: போக ஆகும் நேரமும் வர ஆகும் நேரமும் சமம் என்பதை ஒரு வரையறையாக வைத்தார். அளந்து கண்டதாக அவர் சொல்லவில்லை.

ஜெலுகோர்வாசி:
சமிக்ஞையே வேண்டாம் தம்பி. இரண்டு கடிகாரத்தையும் ஜெலுகோரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிசெய்து, ஒன்றை மட்டும் காரில் ஏற்றிப் பாலத்தைக் கடக்கிறேன். நகரும் கடிகாரம் மெதுவாக ஓடும் என்பீர்கள். கணக்குப் போட்டுவிட்டேன்: மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அது பின்தங்குவது ஏறக்குறைய 1 பிக்கோவினாடி (வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). 28 மைக்ரோவினாடியில் இரண்டரைக் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. இன்னும் மெதுவாகப் போனால் அதுவும் குறையும்.

பாலிக் புலாவ் பையன்:
அண்ணன் சொல்வது சரியாகத்தான் படுகிறது. அப்புறம், 1676ல் டென்மார்க் வானியலாளர் ரோமர் வியாழனின் அயோ நிலவு மறைவதைப் பார்த்து ஒளிக்கு வேகம் உண்டு என்று காட்டினாரே, அங்கே ஏது கண்ணாடி? அது ஒருவழிதானே?

செந்தூல்காரன்:
ரோமருக்கும் அண்ணனுக்கும் ஒரே பதில்தான். அங்கே பூமியே கடிகாரத்தைச் சுமந்துகொண்டு ஆறு மாதம் நகர்கிறது, அண்ணன் காரில் கொண்டுபோகிறார்.

அந்த 1 பிக்கோவினாடிக் கணக்கு எந்தச் சூத்திரத்தில் வந்தது? இரு திசையிலும் ஒளிவேகம் சமம் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்ட சூத்திரத்தில். கிழக்கே போகும்போது ஒளி வேகமாகவும் மேற்கே வரும்போது மெதுவாகவும் போகிறது என்று வைத்துப் பாருங்கள். அப்போது கார்க் கடிகாரத்தின் ஓட்டமும் திசையைப் பொறுத்து மாறும். மெதுவாக ஓட்டினால் வினாடிக்கு வினாடி மாற்றம் குறைவு, ஆனால் பயணம் நீளும், கடைசியில் மொத்த வித்தியாசம் அதேதான். லேசர் முந்துவதை இது அப்படியே ஈடுகட்டிவிடும். நீங்கள் பார்ப்பது 28 மைக்ரோவினாடிதான்.

எங்கள் அப்பா சொன்ன ஒரு விஷயத்தால்தான் இது எனக்குப் பிடிபட்டது. 1981 டிசம்பர் 31, இரவு மணி 11.30. ரயில்வே குவார்ட்டர்ஸ் வீட்டில் நாற்காலி போட்டு ஏறி, சுவர்க்கடிகாரத்தின் பெரிய முள்ளை விரலால் தள்ளி 12 ஆக்கினாராம். தீபகற்ப மலேசியா முழுக்க அன்று அரை மணி முன்னே போனது. அதுவரை சபாவும் சரவாக்கும் நம்மைவிட அரை மணி முன்னால் இருந்தன. சுபாங்கிலிருந்து கூச்சிங்குக்கு இரண்டு மணி நேரப் பயணம் என்று வையுங்கள். ஊர்க் கடிகாரங்களின்படி போக இரண்டரை மணி, வர ஒன்றரை மணி. போய்வர நான்கு மணி, அது மாறவே இல்லை. 1982க்கு அப்புறம் இரண்டும் இரண்டிரண்டாகிவிட்டது. விமானத்தில் ஒரு திருகாணிகூட மாறவில்லை.

ஜெலுகோர்வாசி:
உதாரணம் நல்ல உதாரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது ஒளிக்குப் பொருந்தாது. கூச்சிங்குக்கு ஒரு போன் போட்டு "அங்கே மணி என்ன?" என்று கேட்டால் குட்டு உடைந்துவிடும். விமானத்தின் உண்மை வேகம் தெரிந்துவிடும்.

செந்தூல்காரன்:
போன் விமானத்தைவிட வேகமாகப் போவதால்தானே, அண்ணே! ஒளியை முந்திக்கொண்டு போய் மணி கேட்க எதை அனுப்புவீர்கள்?

இயற்பியல் ஆசிரியை:
இரண்டு பேருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். கடிகாரத்தை மெதுவாக எடுத்துப்போய்ச் சரிசெய்வது ஒரு முறை, ஐன்ஸ்டைன் சொன்னபடி ஒளியால் சரிசெய்வது இன்னொரு முறை. இந்த இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்பது சார்பியலின் கணிப்பு. ஒத்துப்போகாமலும் இருந்திருக்கலாம், அதனால் அது சோதிக்கத்தக்கது. 1997ல் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் கடிகாரங்களை வைத்துச் சோதித்தார்கள். நூறு கோடியில் 5 பங்குக்கு மேல் வேறுபாடு தெரியவில்லை. ஜெலுகோர் அண்ணனின் பரிசோதனையை என் படிவம் 6 மாணவர்கள் யோசித்துச் சொன்னால் நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். அது சோதிப்பது இரண்டு முறைகளும் ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான், அதனால் "ஒருவழி வேகம்" என்ற தலைப்பை மட்டும் அடித்துத் திருத்துவேன்.

ஜெலுகோர்வாசி:
தலைப்பில்தான் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை டீச்சர். தொடர்பே இல்லாத இரண்டு முறை, இரண்டும் ஒரே எண்ணைக் காட்டுகின்றன. இயற்கையே சமம் என்று சொல்கிற மாதிரி இல்லையா? இதையும் அளவீடு என்று சொல்லக்கூடாது என்றால் வேறு எதைச் சொல்வது?

செந்தூல்காரன்:
தொடர்பே இல்லை என்பதைத்தான் நான் மறுக்கிறேன். ஒளியைத் திசைக்கொரு வேகமாக வைத்தால் கார்க் கடிகாரமும் கூடவே மாறுகிறதே, அதுதான் தொடர்பு. கிழக்குக்கும் மேற்குக்கும் வேறு வேறு எண் போட்டு முழுக் கணக்கையும் எழுதி நாளை போடுகிறேன். நீங்களும் டீச்சரும் வரி வரியாகச் சரிபாருங்கள். எங்காவது 28ஐத் தவிர வேறு எண் வந்தால் நான் பின்வாங்கிக்கொள்கிறேன்.