பாக்ஸிங் டே டெஸ்ட்: டிவி பார்த்துக்கொண்டே கையால் ஸ்கோர் எழுதுவது எப்படி?

லீவுநாள்ரசிகன்:
வணக்கம் நண்பர்களே. டிசம்பர் 26 மெல்போர்ன் டெஸ்டை இந்த முறை பந்து பந்தாக நோட்டில் எழுதலாம் என்று இருக்கிறேன். பிள்ளைகளுக்கும் லீவு, கூட உட்காருவார்கள். ரன், விக்கெட் எழுதத் தெரியும். வைடு, நோ பால், பை வந்தால் யார் கணக்கில் போடுவது என்பதில்தான் குழப்பம். ஸ்கோர் புக் வாங்கியே ஆகணுமா, கோடு போட்ட தாள் போதுமா?

புள்ளிப்பந்து:
தாள் போதும். ஒரு பந்து விழுந்தால் மூன்று இடத்தில் எழுதணும்: பேட்ஸ்மேன் வரி, பவுலர் கட்டம், மொத்த ஸ்கோர். இதே வரிசையில் எழுதிப் பழகுங்க. வரிசை மாறினால்தான் ஒன்று விட்டுப்போகும்.

குறிகள்: ரன் இல்லை என்றால் புள்ளி. வைடுக்குக் கூட்டல் குறி. அதில் ஓடியோ பவுண்டரியாகவோ மேற்கொண்டு வந்த ஒவ்வொரு ரன்னுக்கும் கூட்டலின் மூலையில் ஒரு புள்ளி. நோ பாலுக்கு வட்டம். மட்டையில் பட்டு ரன் வந்தால் அந்த எண்ணை வட்டத்துக்குள் எழுதுங்க. பை (மட்டையிலும் உடம்பிலும் படாமல் போய் ஓடிய ரன்) என்றால் நிமிர்ந்த முக்கோணம், லெக் பை (மட்டையில் படாமல் உடம்பில் பட்டு ஓடியது) என்றால் தலைகீழ் முக்கோணம்.

ஒரு ஓவரைப் போட்டுப் பார்ப்போம். ஸ்கோர் 47/1. 'அ' ஆடுகிறார், எதிர்முனையில் 'ஆ'.

புள்ளி. அடுத்து லெக் பை 1 (48). இப்போது 'ஆ' ஆடுகிறார். வைடு, கீப்பரைத் தாண்டி பவுண்டரி: 5 வைடு (53). நோ பால், அதில் 'ஆ' அடித்த 4 (58). பிறகு 1 ரன் (59). 'அ'வுக்குப் புள்ளி, அடுத்த பந்தில் போல்டு. புதிதாக வந்த 'இ'க்குப் புள்ளி. ஓவர் முடிவில் 59/2.

வீசியது 8 பந்து, கணக்கில் 6. பவுலர் கொடுத்தது 11: வைடு 5, நோ பாலும் அதில் அடித்ததும் சேர்த்து 5, அந்த ஒரு ரன். லெக் பை அவர் தலையில் விழாது. மட்டையில் வந்தது 5, உதிரி (வைடு, நோ பால், பை, லெக் பை வகை ரன்) 7, ஆக 12. ஆடிய பந்துகள்: 'அ' 4, 'ஆ' 2, 'இ' 1. நோ பால் பேட்ஸ்மேன் ஆடிய பந்தாகச் சேரும், வைடு சேராது. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்.

இரவுக்காவலன்:
புள்ளிப்பந்து சார் சொன்னது பழைய பெட்டி முறை. 20 ஓவர் ஆட்டத்துக்கு அது சரி. டெஸ்டுக்கு நான் வரி முறையைத்தான் சொல்வேன்: ஒரு ஓவருக்கு ஒரு வரி. பிபிசி வானொலியில் 1966 முதல் 2008 வரை டெஸ்ட் ஸ்கோர் எழுதிய பில் ஃபிரிண்டால் பிரபலமாக்கிய முறை. பெட்டி முறையில் "34வது ஓவரில் யார் யாருக்கு எத்தனை பந்து போட்டார்" என்று கேட்டால் பதில் கிடைக்காது. இதில் விரல் வைத்துக் காட்டலாம்.

ஏ4 தாளைப் படுக்கவசமாக வைத்து 30 வரி போடுங்க. ஒரு நாளைக்கு 90 ஓவர், அதனால் ஒரு செஷனுக்கு ஒரு தாள். இடமிருந்து வலமாக: ஓவர் தொடங்கிய நேரம், ஒரு முனைப் பவுலர், மறுமுனைப் பவுலர், முதல் பேட்ஸ்மேன் ஆடிய பந்துகள், இரண்டாமவர் ஆடியவை, ஓவர் எண், மொத்தம், விக்கெட், உதிரி, குறிப்பு. பவுலர் பெயர் அவர் வீசும் முனையின் பத்தியில் மட்டும் வரணும். மெல்போர்னில் ஒரு பக்கம் மெம்பர்ஸ் எண்டு, எதிரே ஷேன் வார்ன் ஸ்டாண்டு. ஒவ்வொரு பந்துக் குறியின் தலையிலும் அது ஓவரின் எத்தனையாவது பந்து என்று சின்னதாகப் போடுங்க. இல்லையென்றால் ஸ்ட்ரைக் மாறிய வரிசை பிறகு புரியாது.

பவுலர் கணக்கைத் தனித்தாளில் ஓவர் முடிந்ததும் ஏற்றிவிடுங்க. 80வது ஓவர் முடியும் இடத்தில் முன்கூட்டியே சிவப்புக் கோடு போட்டு வைத்தால், புதுப் பந்து எப்போது கிடைக்கும் என்பது கண்ணில் படும்.

மூன்றாம்நடுவர்:
முறை எதுவானாலும் டிவியில் எழுதும்போது வரும் தொல்லைகள் தனி.

ரீப்ளேவை நேரடிப் பந்து என்று எழுதிவிடுவது முதல் தொல்லை. திரையில் ஓவர் எண்ணோ (23.4 மாதிரி), வைடு, நோ பால் என்றால் மொத்த ஸ்கோரோ நகர்ந்ததா என்று பார்த்த பிறகே பேனாவை வைங்க. விளம்பரம் முடிந்து வரும்போது முதல் பந்து போயிருக்கும். காலிக் கட்டம் விட்டு, திரையிலுள்ள பேட்ஸ்மேன், பவுலர் எண்ணிக்கையைப் பார்த்து நிரப்புங்க. போனில் ஸ்கோர் ஆப் திறந்து வைக்காதீங்க. ஒளிபரப்புக்கு முன்னாடியே ஓடி விக்கெட்டைச் சொல்லிவிடும்.

முன்னங்கால் நோ பாலை மூன்றாவது அம்பயர் பார்த்துச் சொல்வதால் சைகை தாமதமாக வரும். அம்பயர் காதில் கை வைத்தாரென்றால் பொறுங்க. டிஆர்எஸ்ஸும் (அம்பயர் முடிவை எதிர்த்துக் கேட்கும் ரிவ்யூ) அப்படித்தான், முடிவு வரும்வரை பென்சில் மட்டும். இதில் பலரும் கவனிக்காத ஒன்று: அம்பயர் எல்பிடபிள்யூ கொடுத்து, ரிவ்யூவில் அது மாறினாலும், ஓடிய லெக் பை கிடையாது. அவுட் கொடுத்த கணமே பந்து செத்துவிட்டது. புள்ளிதான்.

லீவுநாள்ரசிகன்:
அருமை, நன்றி. மூன்று சந்தேகம். பை போனால் மெய்டன் (பவுலர் ரன்னே கொடுக்காத ஓவர்) உண்டா? கேட்ச் பிடிக்கும்முன் இருவரும் ஓடிக் கடந்துவிட்டால் அடுத்து ஆடுவது யார்? மொத்தம் ஒட்டவில்லை என்றால் எங்கே தேடுவது?

புள்ளிப்பந்து:
பை, லெக் பை மெய்டனைக் கெடுக்காது. வைடு, நோ பால் கெடுக்கும். ஆறும் புள்ளியாக இருந்தால் மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் இருப்பதை இணைத்து எம் எழுத்தாக்குங்க. விக்கெட்டும் விழுந்திருந்தால் டபிள்யூ.

கடந்தாலும் கடக்காவிட்டாலும் புதிதாக வருபவரே ஆடணும், ஓவரின் கடைசிப் பந்தாக இருந்தால் ஒழிய. 2022 அக்டோபர் 1 முதல் இதுதான் விதி. பழைய ஸ்கோர் புத்தக வழிகாட்டிகளில் வேறு மாதிரி இருக்கும். நோ பாலில் மட்டையில் படாமல் ஓடிய ரன்னும் அப்படித்தான். முன்பு எல்லாம் நோ பால் கணக்கு. 2017 விதித்தொகுப்புக்குப் பின் 1 மட்டும் நோ பால், மீதி பை அல்லது லெக் பை.

சரிபார்க்க இரண்டு சமன்பாடு. பேட்ஸ்மேன்கள் ரன் + உதிரி = மொத்தம். பவுலர்கள் கொடுத்தது + பை + லெக் பை = மொத்தம். கீப்பருக்குப் பின்னால் வைத்த ஹெல்மெட்டில் பந்து பட்டு 5 அபராத ரன் வந்திருந்தால் அதையும் இரண்டாவதில் கூட்டணும், அது பவுலருக்குச் சேராது. இரண்டாவது மட்டும் கூடுதலாக வந்தால் லெக் பையைப் பவுலர் கணக்கிலும் எழுதியிருப்பீங்க. முதலாவது மட்டும் குறைந்தால் வைடையோ நோ பாலையோ உதிரியில் ஏற்றவில்லை.

இரவுக்காவலன்:
ஒரு சேர்க்கை. 'அ' அடித்ததை 'ஆ' பெயரில் எழுதினால் இரண்டு சமன்பாடும் ஒட்டும், ஆனாலும் தப்பு. அதைப் பிடிக்க ஒவ்வொரு பேட்ஸ்மேனின் ரன்னையும் பந்து எண்ணிக்கையையும் திரையோடு ஒப்பிட்டே ஆகணும். 10 ஓவருக்கு ஒருமுறை பார்த்தால் தேட வேண்டிய இடம் சின்னது.

பழகிப் பார்க்க ஹைலைட்ஸ் உதவாது, புள்ளிப் பந்துகளை வெட்டிவிடுவார்கள். முழு இன்னிங்ஸ் பதிவு வேணும். 2018 மெல்போர்னில் ஆஸ்திரேலியா 151க்குச் சுருண்ட முதல் இன்னிங்ஸ் கிடைத்தால் நல்லது. உங்கள் தாளில் பும்ரா 6/33 என்று வரவில்லையென்றால் எங்கோ தவறியிருக்கு.

மூன்றாம்நடுவர்:
நேரம்: அங்கே காலை 10.30, இந்திய, இலங்கை நேரம் 5.00, சிங்கப்பூர் 7.30. லண்டனில் இருப்பவர்களுக்கு 25ஆம் தேதி இரவு 11.30. நமக்கு லஞ்ச் 7.00 முதல் 7.40, டீ 9.40 முதல் 10.00. மழையால் நேரம் போனால் மறுநாள் அரைமணி முன்னதாகவும் தொடங்கலாம். முதல் நாள் இரவே பார்த்துக்கொள்ளுங்க. பிள்ளைகளில் ஒருவருக்குப் பவுலர் தாளைக் கொடுங்க, இரண்டு தாளையும் லஞ்சில் ஒட்டிப் பார்க்கலாம்.