கொறடா இருக்கும் அவையில் ஆய்வறிக்கை யாருக்கு?

தாமிரபரணி:
அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் நூலகத்துக்குள் ‘காங்கிரஸ் ஆய்வுச் சேவை’ என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1914இல் சிறிய அளவில் தொடங்கியது, 1970இல் இன்றைய பெயரைப் பெற்றது. ஏறத்தாழ 600 பேர் வேலை பார்க்கிறார்கள். எந்தக் கட்சி உறுப்பினர் கேட்டாலும் பதில் எழுதித் தருவார்கள். ஆனால் ‘இதைச் செய்யுங்கள்’ என்று மட்டும் சொல்லக்கூடாது. இந்த வழியில் போனால் என்ன செலவு, அந்த வழியில் போனால் யாருக்குப் பாதிப்பு என்று விளக்குவதோடு அவர்கள் வேலை முடிந்தது. 2018 செப்டம்பரிலிருந்து அந்த அறிக்கைகளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம்.

நம் மக்களவைச் செயலகத்திலும் நூலக, ஆய்வுப் பிரிவு உண்டு, குறிப்புகளும் வெளியிடுகிறது. இருந்தாலும் ஒரு மசோதா வந்தால் பல எம்.பி.க்கள் தேடிப் போவது 2005இல் தொடங்கிய பி.ஆர்.எஸ். என்ற தனியார் அமைப்பின் சுருக்கத்தைத்தான். அவர்கள் நன்றாகவே எழுதுகிறார்கள். ஆனால் 140 கோடிப் பேருக்குச் சட்டம் இயற்றும் அவை, நன்கொடையில் நடக்கும் ஓர் அமைப்பின் குறிப்பை எதிர்பார்த்து நிற்க வேண்டுமா? தனிச் சட்டம், தனி நிதி, தனி ஆய்வாளர்களோடு நமக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்பது என் வாதம். மறுப்பவர்கள் வரலாம்.

கொங்குத் தறியாளர்:
மறுக்கிறேன். அமெரிக்காவில் ஓர் உறுப்பினர் தன் கட்சிக்கு எதிராக வாக்களித்தாலும் மறுநாள் அவர் பதவி அவரிடம்தான் இருக்கும். இங்கே 1985இல் அரசியல் சட்டத்தில் சேர்த்த கட்சித்தாவல் தடை விதிகளான பத்தாவது அட்டவணைப்படி, இப்படி வாக்களியுங்கள் என்று கட்சி சார்பில் வரும் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலும் பதவி போகலாம், வாக்களிக்காமல் வெளியே நின்றாலும் போகலாம். எப்படி வாக்களிப்பது என்று முன்பே முடிவாகிவிட்ட மனிதரிடம் நாற்பது பக்க அறிக்கையைக் கொடுத்து என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

நேரத்தையும் பாருங்கள். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 சதவீத ஒதுக்கீடு தரும் அரசியல் சட்டத் திருத்தம் 2019 ஜனவரி 8 அன்று மக்களவையில் அறிமுகமாகி அன்றே நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவையில் முடிந்தது. மூன்று வேளாண் சட்டங்களை 2021 நவம்பர் 29 அன்று விவாதமே இல்லாமல் இரு அவைகளும் திரும்பப் பெற்றன. இந்த வேகத்துக்கு ஆய்வாளர் எதை எழுதுவார்? தலைப்பைத்தான் எழுதலாம்.

வேம்பு:
சில ஆண்டுகளுக்கு முன் ஓர் எம்.பி.யிடம் சட்டப் பணிகளுக்கான உதவியாளராக இருந்தேன். பெயர், கட்சி வேண்டாம். தறியாளர் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதி அவர் பார்க்காத இடத்தில் இருக்கிறது.

சிறிய கட்சிக்கு ஒரு மசோதாவில் கிடைப்பது மூன்று, நான்கு நிமிடம். நான் எழுதிய நான்கு பக்கக் குறிப்பை அவர் காரில் படிப்பார். அவை வாசலுக்கு வரும்போது அது ஓர் அட்டையில் மூன்று வரியாகச் சுருங்கியிருக்கும்: பிரிவு எண், ஒரு புள்ளிவிவரம், அமைச்சரிடம் ஒரு கேள்வி. அந்தப் புள்ளிவிவரம் தவறாக இருந்தால் எதிர்வரிசையிலிருந்து உடனே சத்தம் வரும் என்பதால் அதற்குத்தான் இரவு முழுக்க அலைவோம். உதவியாளருக்கென்று ஓர் எம்.பி.க்கு இன்று கிடைப்பது மாதம் 50,000 ரூபாய். அந்தத் தொகையில் தொலைபேசியை எடுப்பவர், தொகுதி மனுக்களைப் பார்ப்பவர், மின்சாரச் சட்டத்தையும் விந்தணு தானச் சட்டத்தையும் அலசுபவர் எல்லாம் ஒரே ஆள். பெரும்பாலும் இருபத்து நான்கு வயது ஆள்.

விந்தணு தானம் என்றது வேடிக்கைக்கு அல்ல. வாடகைத்தாய் மசோதாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல் மக்களவை நிறைவேற்றிய வடிவத்தில், நெருங்கிய உறவினர் மட்டுமே வாடகைத்தாயாக இருக்கலாம், தம்பதி ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும் என்றெல்லாம் இருந்தது. மாநிலங்களவை அதை, மசோதாவை நுணுகி ஆராயும் எம்.பி.க்களின் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது. 2020 பிப்ரவரியில் குழு அறிக்கை தந்தது. 2021இல் சட்டமானபோது ‘நெருங்கிய உறவினர்’ போய் ‘விருப்பமுள்ள பெண்’ வந்தது. ஐந்தாண்டு நிபந்தனை நீங்கியது. கணவனை இழந்தவர்களுக்கும் மணவிலக்குப் பெற்றவர்களுக்கும் வழி திறந்தது. கொறடா இருக்கும் நாட்டில்தான் இது நடந்தது. ஏனென்றால் குழு அறைக்குள் கொறடா இல்லை. படித்துவிட்டு வந்தவர் பேச்சு அங்கே எடுபடும்.

கொங்குத் தறியாளர்:
அம்மா, நல்ல உதாரணம்தான். ஆனால் குழுவுக்கு அனுப்பினால்தானே? பதினைந்தாவது மக்களவையில் (2009–14) 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. பதினேழாவதில் (2019–24) 16 சதவீதம். (இந்தக் கணக்கே தாமிரபரணி குறைப்பட்டுக்கொள்ளும் பி.ஆர்.எஸ். போட்டதுதான்.) எந்த மசோதாவைக் குழுவுக்கு அனுப்புவது என்பது நடைமுறையில் அரசின் விருப்பம். அவர்களுக்குக் கவலையில்லாத மசோதா குழுவுக்குப் போகும், கவலையுள்ளது நேரே வாக்கெடுப்புக்குப் போகும். நீங்கள் கேட்கும் 600 ஆய்வாளர்களும் அரசு அனுமதித்த விஷயங்களில் மட்டும் அறிவாளிகளாக இருப்பார்கள்.

முதலில் கொறடா அதிகாரத்தை நம்பிக்கை வாக்கெடுப்போடு நிறுத்துங்கள். தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு 1990இலேயே ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. அதற்குப் பிறகு ஆய்வாளர் வரட்டும்.

பழைய வழக்கறிஞர்:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அரசு சம்பளம் வாங்கும் ஆய்வாளர் அரசுக்குப் பிடிக்காத முடிவை எழுதினால் என்ன ஆகும்? தாமிரபரணி போற்றும் அந்த அமெரிக்க அமைப்பிலேயே பதில் இருக்கிறது. 2012 செப்டம்பரில் தாமஸ் ஹங்கர்ஃபோர்ட் என்ற பொருளியலாளர் அங்கே ஓர் அறிக்கை எழுதினார். 1945 முதல் பெரும் வருமானக்காரர்களின் உச்ச வரி விகிதம் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. அதனால் சேமிப்போ முதலீடோ உற்பத்தித்திறனோ கூடியதாகத் தெரியவில்லை. வருமானம் மேல்தட்டில் குவிவதோடுதான் அதற்குத் தொடர்பு தெரிகிறது. இதுதான் அவர் கண்டது. தேர்தல் நேரம். செனட்டின் குடியரசுக் கட்சியினர் ஆய்வு முறையையும் சொற்களையும் குறை சொன்னார்கள். அந்த மாதமே அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. தேர்தலெல்லாம் முடிந்து டிசம்பரில்தான் மறுபடி வெளிவந்தது.

இன்னொன்று. அதே காங்கிரசுக்குத் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் என்று ஒன்று 1972 முதல் இருந்தது. 1995இல் நிதியை நிறுத்தி மூடிவிட்டார்கள். நூற்றாண்டுப் பழக்கமுள்ள ஊரிலேயே இப்படி. இங்கே அதன் தலைவரை யார் நியமிப்பார் என்று சொல்லுங்கள், எவ்வளவு நடுநிலை என்று நான் சொல்கிறேன்.

தாமிரபரணி:
வழக்கறிஞர் ஐயா, நீங்கள் சொன்ன கதையில் எனக்குச் சாதகமான பகுதியை விட்டுவிட்டீர்கள். அறிக்கை திரும்பப் பெறப்பட்டது நாடு முழுக்கத் தெரிந்தது, பத்திரிகைகள் எழுதின, அதன் படி கைமாறிக்கொண்டே இருந்தது. அதிகாரபூர்வமாக அறிக்கைகள் பொதுவெளிக்கு வராத காலம் அது. இன்று வெளியிட்டுவிட்டுப் பின்வாங்குவது இன்னும் கடினம். ஆகவே என் கோரிக்கையில் முதல் நிபந்தனையே, உறுப்பினருக்குப் போகும் அதே நாளில் அறிக்கை மக்களுக்கும் வர வேண்டும் என்பதுதான். தனி உறுப்பினர் கேட்கும் ரகசியக் குறிப்பு வேறு. அது அங்கேயும் வெளிவருவதில்லை, இங்கேயும் வேண்டாம். தலைவர் நியமனத்தை இரு அவைத் தலைவர்களும் எதிர்க்கட்சித் தலைவரும் சேர்ந்து செய்யட்டும்.

தறியாளருக்கு: ‘முதலில் கொறடா, பிறகு ஆய்வு’ என்றால் இரண்டும் வராது. கட்சித் தலைமைகள் கொறடா அதிகாரத்தைத் தாமாக விட்டுக்கொடுக்கும் நாளுக்காக எத்தனை கூட்டத்தொடர் காத்திருப்பீர்கள்?

கொங்குத் தறியாளர்:
அப்படியானால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் கேட்பது எம்.பி.க்கான அறிக்கை அல்ல, நமக்கான அறிக்கை. அதற்கு நாடாளுமன்றம் எதற்கு? பல்கலைக்கழகம் எழுதட்டும், பத்திரிகை எழுதட்டும்.

வேம்பு:
பல்கலைக்கழகத்தால் முடியாத ஒன்று இருக்கிறது: அமைச்சகத்திடம் கோப்பு கேட்பது. அமைச்சகங்களின் வேலையை ஆராயும் துறைசார் நிலைக்குழுக்கள் மொத்தம் 24, ஒவ்வொன்றிலும் 31 உறுப்பினர்கள். மானியக் கோரிக்கையை, அதாவது அமைச்சகம் கேட்கும் ஆண்டு நிதியை, ஆராயும்போது அவர்கள் முன்னால் இருக்கும் முதன்மைத் தாள் எது தெரியுமா? அந்த அமைச்சகமே எழுதிக் கொடுத்த பின்னணிக் குறிப்பு. யாரைக் கேள்வி கேட்க வேண்டுமோ அவரே வினாத்தாளும் தயாரிக்கிறார். குழுவின் செயலக ஊழியர்கள் கடும் உழைப்பாளிகள், ஆனால் அவர்களில் பெரும்பாலோர் நிர்வாகப் பணிக்கு வந்தவர்கள். நீர்வளம் படித்தவரோ நோய்ப்பரவல் படித்தவரோ குழுவோடு நிரந்தரமாக இருப்பதில்லை. என்னைக் கேட்டால் பெரிய கட்டடம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு குழுவுக்கும் துறை தெரிந்த நான்கு பேரை நிரந்தரமாகக் கொடுத்தால் போதும்.

பழைய வழக்கறிஞர்:
நான்கு பேர் கேட்டால் அமைச்சகம் கோப்புகளைக் கொடுத்துவிடுமா? 2020 செப்டம்பரில், பொதுமுடக்கத்தின்போது ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளர்களில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று மக்களவையில் கேட்டார்கள். அப்படிப்பட்ட தரவு பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுத்திலேயே பதில் தந்தது. அவைக்கே அந்தப் பதில்தான்.

தாமிரபரணி:
அதனால்தான் சட்டம் கேட்கிறேன், நான்கு பேரோடு நிறுத்தாமல். 1970ஆம் ஆண்டுச் சட்டம், குழு அனுமதித்தால் அந்தக் குழுவின் முகவராக அரசுத் துறைகளிடம் ஆவணமும் தரவும் கோரும் உரிமையைக் காங்கிரஸ் ஆய்வுச் சேவைக்குக் கொடுத்திருக்கிறது. அந்த ஒரு பிரிவு இல்லாவிட்டால் எத்தனை ஆய்வாளர்களை வைத்தாலும் செய்தித்தாள் நறுக்கைத்தான் தொகுப்பார்கள். இதை வேம்பு அம்மாவும் ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன். ‘தரவு இல்லை’ என்ற பதில் வந்தால், ஏன் இல்லை, எந்த அலுவலகம் அதைத் திரட்டியிருக்க வேண்டும் என்பதையும் ஆய்வாளர் அறிக்கையில் எழுதட்டும்.

கொங்குத் தறியாளர்:
எழுதட்டும். அந்த மசோதாவுக்குக் கொறடா உத்தரவு வந்திருந்தால், அறிக்கையைப் படித்த ஆளுங்கட்சி எம்.பி. மறுநாள் எந்தப் பொத்தானை அழுத்துவார்? இதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

வேம்பு:
கட்சி சொன்ன பொத்தானைத்தான் அழுத்துவார். அதற்கு முந்தைய வாரம் கட்சிக் கூட்டத்தில், இந்த மூன்றாம் பிரிவு என் தொகுதியில் எடுபடாது என்று சொல்லியிருப்பார். எங்கள் எம்.பி. அப்படிச் சொல்லி ஒரு திருத்தத்தை உள்ளேயே வாங்கினார். அவைக் குறிப்பில் அது இருக்காது.